எர்னஸ்ட் ஆண்ட்ரூ மஸ்டார்

எர்னஸ்ட் ஆண்ட்ரூ மஸ்டார் (1893–1971) ஆஸ்திரேலிய வானோடி ஆவார். நண்பர்களால் பார்ட் மஸ்டார் என அழைக்கப்பட்டார். 1927 ஆம் ஆண்டில் நியூ கினித் தீவின் உட்பகுதியில் அமைந்திருந்த வாவு என்னும் இடத்தில் முதன்முதலாக வானூர்தியை இறக்கியவர் இவரே. சாலை எதுவும் இல்லாத மலைநாட்டிற்கு வானூர்தி வழியாகவே சரக்குகளைக் கொண்டு செல்ல இயலும் என்பதை நடைமுறையில் காட்டியவர்களுள் முதன்மையானவர். மலைச்சரிவில் வெட்டப்பட்ட மண் ஓடுதளங்களில், காற்றின் திசையைக் காட்டிலும் நிலத்தின் சரிவே இறங்கும் திசையையும் புறப்படும் திசையையும் முடிவு செய்கிறது என்னும் நடைமுறை, இவர் தொடங்கி வைத்த வாவு வான்வழியில் அன்றாட வழக்கமாக நிலைபெற்றது.

இளமையும் முதலாம் உலகப் போரும்

மஸ்டார் 1893 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரை அடுத்த ஓக்லியில் பிறந்தார். இவரது குடும்பப் பெயர் மஸ்டர்ட் என்பதாகும். ஆங்கிலத்தில் இச்சொல் கடுகைக் குறிக்கும். பின்னாளில் இறுதி எழுத்தை நீக்கி மஸ்டார் என மாற்றிக்கொண்டார். எனவே போர்க்கால ஆவணங்களில் இவரைத் தேடுவோர் மஸ்டர்ட் என்ற பெயரிலேயே தேட வேண்டும்.

முதலாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்த இவர், பின்னர் ஆஸ்திரேலியப் பறக்கும் படையின் முதலாம் அணிக்கு மாற்றப்பட்டார். அவ்வணி பாலஸ்தீனப் போர்முனையில் பணியாற்றியது. இரு இருக்கைகள் கொண்ட பிரிஸ்டல் போர் வானூர்தியின் பின்னிருக்கையில் அமர்ந்து, எதிரியின் நிலைகளைக் கவனிப்பதும் துப்பாக்கியை இயக்குவதும் நோக்குநரின் பணியாகும். மஸ்டார், ராஸ் சிமித் என்ற வானோடிக்கு நோக்குநராக அமைந்தார். 1919 இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை முதன்முதலாகப் பறந்து புகழ்பெற்ற ராஸ் சிமித் இவரே. அரேபியக் கிளர்ச்சியில் பங்குகொண்ட டி. இ. லாரன்சின் பாலைவன முகாமில் 1918 செப்டம்பரில் இவ்விருவரும் தங்கியிருந்தனர். காலை உணவின் நடுவே எதிரி வானூர்திகள் தென்பட, எழுந்து சென்று சண்டையிட்டுத் திரும்பி வந்து உணவைத் தொடர்ந்தனர். இந்நிகழ்ச்சியை லாரன்ஸ் தமது நூலிலும் விவரித்துள்ளார். போரில் ஆற்றிய பணிக்காக மஸ்டாருக்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை வழங்கப்பட்டது.

பின்னிருக்கையில் தொடங்கியவர் பின்னர் தாமே வானோடியானார். போருக்குப் பின்னர் ஆஸ்திரேலிய அரச வான்படையில் பணிபுரிந்தார்.

தங்க வயல்களும் சுமையாட்களும்

நியூ கினித் தீவின் வடகிழக்குப் பகுதி 1914 வரை செருமனியின் குடியேற்றநாடாக இருந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் நாடுகள் சங்கத்தின் ஆணைப்படி ஆஸ்திரேலியாவின் நிருவாகத்தின் கீழ் வந்தது. 1920களின் தொடக்கத்தில் புலோலோ ஆற்றின் கிளையான கொராங்கா ஓடையிலும், 1926 இல் அதற்கு மேலே கைண்டி மலையில் உள்ள ஈடி ஓடையிலும் தங்கம் கிடைத்தது. ஈடி ஓடையில் கிடைத்த தங்கம் மிகுதியாக இருந்ததால், ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கம் தேடுவோர் கூட்டமாக வந்து சேர்ந்தனர்.

தங்கம் இருந்த இடத்தை அடைவதே பெரும் இடராக இருந்தது. கடற்கரையில் உள்ள சலமாவாவிலிருந்து வாவு நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலேயே உள்ளது. ஆனால் இடையில் அடர்ந்த மழைக்காடும் செங்குத்தான மலைத்தொடரும் குறுக்கிட்டன. இத்தொலைவைக் கால்நடையாகக் கடக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆயிற்று. அரிசி, மண்வெட்டி, தகரம், கூடாரத் துணி ஆகிய அனைத்தும் ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்க்கப்பட்ட உள்நாட்டு மக்களின் முதுகிலேயே ஏற்றப்பட்டன.

இம்முறையின் கணக்கு எளியது, கொடியதும்கூட. ஒரு சுமையாள் 20 முதல் 25 கிலோ வரை சுமக்கக் கூடும். ஏறுவதற்கு எட்டு நாள், இறங்குவதற்கு ஆறு நாள், நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி எனக் கொண்டால், சுமையில் பத்துக் கிலோவுக்கு மேல் அவரே உண்ண வேண்டிவரும். எஞ்சிய பாதியே தங்க வயலை அடையும். வழியில் குளிரும் நோயும் காத்திருந்தன. 1926 இல் ஈடி ஓடைப் பகுதியில் பரவிய சீதபேதியால் தொழிலாளர் பலர் இறந்தனர். தங்க வேட்டையின் வரலாற்றில் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் நிலைத்துள்ளன. சுமந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவு செய்யப்படவில்லை.

நியூ கினிக்கு வருகை

மாவட்ட அலுவலராக இருந்து பதவி விலகித் தங்கத் தொழிலில் இறங்கிய செசில் ஜான் லெவீன் என்பவர், இச்சிக்கலுக்கு வானூர்தியே தீர்வு எனக் கருதினார். இவரது முயற்சியால் உருவான கினி கோல்ட் நிறுவனம் ஒரு வானூர்தியை விலைக்கு வாங்கி, அதை இயக்க மஸ்டாரை அமர்த்தியது. அக்காலத்தில் நியூ கினியின் உட்பகுதிக்குச் சரியான நிலப்படம் கிடையாது. வானிலை அறிக்கையும் வானொலித் தொடர்பும் இல்லை.

வாங்கப்பட்டது டி ஹாவிலாண்ட் டிஎச்.37 வகை வானூர்தி. மரத்தாலும் துணியாலும் ஆன இவ்விரட்டை இறக்கை வானூர்தியில் உலகில் இரண்டே கட்டப்பட்டன. அவற்றுள் இரண்டாவது, ஆஸ்திரேலியக் குடிசார் வான்போக்குவரத்துத் தலைவரின் பயன்பாட்டிற்கென வாங்கப்பட்டிருந்தது. அதுவே மஸ்டாரிடம் வந்தது. கப்பல் வழியாக ரபவுல் துறைமுகத்திற்குக் கொண்டு வரப்பட்டு அங்கு மீண்டும் பூட்டப்பட்டது.

அதே நேரத்தில் ரே பாரர் என்ற மற்றொரு புகழ்பெற்ற வானோடியும் தங்க வயலுக்கு முதலில் பறக்கும் நோக்குடன் ரபவுலில் இருந்தார். அவரது வானூர்தி அங்கேயே புறப்படும்போது விபத்துக்குள்ளானதால் பின்தங்கினார். 1927 மார்ச் மாத இறுதியில் மஸ்டார் ரபவுலிலிருந்து 600 கி.மீ.க்கும் அதிகமான தொலைவைக் கடந்து லே என்ற கடற்கரை ஊரை அடைந்தார். லெவீனின் ஏற்பாட்டில் அங்கு ஓர் ஓடுதளம் அமைக்கப்பட்டிருந்தது. கடலை நோக்கி முடியும் லே ஓடுதளம் பின்னாளில் வேறொரு காரணத்தால் உலகப் புகழ் பெற்றது. 1937 சூலை 2 அன்று அமெலியா ஏர்ஹார்ட் இறுதியாகப் புறப்பட்டது இங்கிருந்துதான்.

லேயிலிருந்து வாவு நேர்கோட்டில் சுமார் 75 கி.மீ. ஆகும். மார்க்கம் ஆற்றுச் சமவெளியை விட்டு விலகி, மேகம் மூடிய மலை இடைவெளிகளினூடே புலோலோ பள்ளத்தாக்கிற்குள் நுழைய வேண்டும். வானிலிருந்து பார்த்தால் எல்லாப் பள்ளத்தாக்குகளும் ஒன்றுபோலவே தோன்றும். மஸ்டாரின் தொடக்க முயற்சி வெற்றி பெறவில்லை. வாவு கண்ணில் படாமலே திரும்ப நேர்ந்தது. பின்னர் 1927 ஏப்ரல் 19 அன்று வாவு ஓடுதளத்தைக் கண்டு அங்கு இறங்கினார். ஒரு வார நடைப்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்பாகச் சுருங்கியது.

வாவு ஓடுதளம்

வாவு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓடுதளம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்கிறது. வடகிழக்கு முனை தாழ்ந்தும் தென்மேற்கு முனை உயர்ந்தும் இருக்கும். சரிவு சுமார் 12 அடிக்கு 1 அடி ஆகும். அதாவது ஓடுதளத்தில் 100 மீட்டர் நடந்தால் எட்டு மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். சாதாரண வானூர்தி நிலையங்களில் சரிவு 100 மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டரைத் தாண்டுவதில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உயர்ந்த முனைக்கு அப்பால், வாவுக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக உயர்ந்த கைண்டி மலை சுவர்போல் நிற்கிறது.

இதனால் வாவுக்கு ஒரே வாசல்தான். வடகிழக்கிலிருந்து வந்து மேல்நோக்கி இறங்க வேண்டும். திரும்பும்போது அதே வழியில் கீழ்நோக்கி ஓடிப் புறப்பட வேண்டும். இத்தகைய ஓடுதளம் ஒருவழி ஓடுதளம் எனப்படும்.

மேல்நோக்கி இறங்குவதில் ஒரு பெரும் நன்மை உண்டு. 1920களின் வானூர்திகள் பெரும்பாலானவற்றில் சக்கரத் தடுப்பிகள் இல்லை. வாலின் அடியில் இருந்த கட்டை தரையில் உரசுவதாலேயே வண்டி நின்றது. வாவில் மலைச்சரிவே தடுப்பியாகப் பயன்பட்டது. நின்றுவிடாமல் மேல்முனை வரை செல்ல இயந்திரத்தின் விசையைச் சற்றுக் கூட்ட வேண்டியும் இருந்தது. மேலே சென்றதும் வானூர்தியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தாவிட்டால் அது பின்னோக்கி உருண்டுவிடும்.

இறக்கத்தில் ஏமாற்றும் தோற்றம் ஒன்றும் உண்டு. மேல்நோக்கிச் சரிந்த ஓடுதளத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும் வானோடிக்குத் தாம் மிக உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பித் தாழ்ந்தால் ஓடுதளத்தின் தொடக்கத்திற்கு முன்பே தரையில் மோத நேரிடும். மேலும், தரை தம்மை நோக்கி உயர்ந்து வருவதால், இறுதி நொடிகளில் வானூர்தியின் மூக்கைச் சமதளத்தில் செய்வதைவிட மிகுதியாக உயர்த்த வேண்டும்.

எல்லாவற்றிலும் கடுமையானது, மனம் மாற்றிக்கொள்ள வழியில்லாமை. சமவெளியில் இறக்கம் சரியாக அமையாவிடில் மீண்டும் மேலெழுந்து ஒரு சுற்று வந்து முயலலாம். வாவில் குறிப்பிட்ட ஓர் இடத்தைக் கடந்துவிட்டால் அது இயலாது. இறங்குவதா திரும்புவதா என்பதைப் பள்ளத்தாக்கில் திரும்ப இடம் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

புறப்படும் திசை: காற்றா, சரிவா?

வானூர்தி எப்போதும் எதிர்க்காற்றில் புறப்பட வேண்டும் என்பது பறப்புப் பயிற்சியின் முதல் பாடங்களுள் ஒன்று. இறக்கைக்குத் தேவைப்படுவது காற்றைச் சார்ந்த வேகமே. எதிர்க்காற்று வீசினால் தரையில் ஓட வேண்டிய வேகம் அந்த அளவு குறையும். மண் ஓடுதளத்தில் சரிவும் சேரும்போது இப்பாடம் எந்த அளவு பொருந்தும் என்பதைச் சிறு கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம். கீழ்க்காணும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட எந்த வானூர்திக்கும் உரியவை அல்ல.

ஒரு சிறு வானூர்தி மணிக்கு 90 கி.மீ. (நொடிக்கு 25 மீட்டர்) வேகத்தில் தரையை விட்டு எழும் எனவும், சமதளத்தில் அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1.6 மீட்டர் கூடும் எனவும் கொள்வோம். காற்றில்லாத சமதளத்தில் அது சுமார் 195 மீட்டர் ஓடி எழும். பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் சரிவில், புவியீர்ப்பு வானூர்தியின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு விசையுடன் அதைக் கீழ்நோக்கி இழுக்கும். இது முடுக்கத்தில் ஏறத்தாழ 0.8 ஆகும். மேல்நோக்கி ஓடினால் முடுக்கம் பாதியாகக் குறைந்து 0.8 ஆகிறது, ஓட வேண்டிய தொலைவு இரட்டித்து 390 மீட்டர் ஆகிறது. கீழ்நோக்கி ஓடினால் முடுக்கம் 2.4 ஆகிறது; தொலைவு 130 மீட்டராகக் குறைகிறது.

இப்போது சரிவின் மேலிருந்து கீழாக மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். பாடப்புத்தகத்தின்படி மேல்நோக்கி, எதிர்க்காற்றில் ஓடினால் 250 மீட்டர் தேவைப்படும். விதிக்கு மாறாகப் பின்காற்றுடன் கீழ்நோக்கி ஓடினால் 190 மீட்டருக்குள் எழும்பிவிடும். காற்று மணிக்கு சுமார் 24 கி.மீ. வேகத்தை எட்டும்போதுதான் இரண்டு தொலைவுகளும் சமமாகின்றன. அதைவிட வலுத்த காற்றில் மேல்நோக்கிய ஓட்டமே குறுகியது.

எனினும் ஓட்டத்தின் தொலைவு மட்டுமே முழு விடை அன்று. எழும்பிய பின் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேல்நோக்கி எழும் வானூர்தி 12 மீட்டர் முன்னேறுவதற்குள் ஒரு மீட்டர் ஏறினால், அது தரைக்கு இணையாகத்தான் பறக்கும், தரையைவிட்டு விலகாது. அக்கால வானூர்திகளுக்கு, சுமையுடன், மலைநாட்டின் மெலிந்த காற்றில், அந்த அளவு ஏறுவதே கடினம். வாவின் உயரத்திலும் வெப்பத்திலும் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் கொள்ளப்படும் இயல்பான அளவைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக இருக்கும். இயந்திரத்தின் ஆற்றலும் இறக்கையின் தூக்கமும் அதற்கேற்பக் குறையும். முன்னே கைண்டி மலை வேறு காத்திருக்கிறது. கீழ்நோக்கி எழும் வானூர்திக்கோ தரை தானே விலகிச் செல்கிறது. ஏறாமல் நேராகப் பறந்தாலே உயரம் கிடைக்கும். பள்ளத்தாக்கில் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு மெல்ல ஏறலாம். எனவே வலுத்த காற்று வீசும் நாளில் வாவில் மேல்நோக்கிப் புறப்படுவது தீர்வாகாது. காற்றுத் தணியும் வரை புறப்படாமல் இருப்பதே தீர்வு.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. கீழ்நோக்கிய ஓட்டத்தில் இயந்திரம் தடுமாறினால் நிறுத்த முடியாது. சரிவு அப்போது பகையாகிவிடும். ஓட்டம் தொடங்கிய சில நொடிகளுக்குள் இயந்திரத்தின் ஒலி சரியாக உள்ளதா என முடிவு செய்தாக வேண்டும். மழையில் ஊறிய மண்ணும் உயர்ந்த புல்லும் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், சமதளத்துக் கணக்கு ஈரமான நாளில் பொருந்தாது.

மலைப் பள்ளத்தாக்குகளில் காற்றுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு என்பதும் இங்குக் கருதத்தக்கது. பொதுவாக இரவிலும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வழியும். வெயில் ஏறியதும் சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். ஆகவே மேல்நோக்கி இறங்குபவருக்குக் காலைக் காற்று எதிர்க்காற்றாகவும் பகற்காற்று பின்காற்றாகவும் அமையும். கீழ்நோக்கிப் புறப்படுபவருக்கு இது தலைகீழாகும். பிற்பகலில் மேகங்கள் மலை இடைவெளிகளை அடைத்துவிடும். காற்று ஏறக்குறைய அடங்கியிருக்கும் காலை நேரத்தில் இறங்கி, மேகம் கூடுவதற்குள் திரும்புவதே மலைநாட்டு வானோடிகளின் வழக்கமாயிற்று.

கினி ஏர்வேசும் யுங்கர்ஸ் வானூர்திகளும்

டிஎச்.37 ஒரு தடவைக்குச் சில நூறு கிலோ சுமையை மட்டுமே ஏற்றிச் சென்றது. ஆயினும் முதல் சில மாதங்களிலேயே தேவை அதன் திறனை விஞ்சியது. 1927 நவம்பரில் வான்போக்குவரத்துக்கென்றே கினி ஏர்வேஸ் என்னும் தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. நியூ கினியின் ஈரப்பதத்தில் மரச்சட்டமும் துணியும் விரைவில் கெட்டுவிடும் என்பதை உணர்ந்த மஸ்டார், முழுவதும் உலோகத்தால் ஆன செருமனியின் யுங்கர்ஸ் டபிள்யூ.34 வகை வானூர்தியே ஏற்றது எனக் கருதினார். ஒற்றை இறக்கையும் நெளிதகட்டு உடலும் கொண்ட இவ்வகை 1928 முதல் அங்குப் பறக்கத் தொடங்கியது. போர் முடிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த நிலையில், எதிரி நாடாக இருந்த செருமனியின் வானூர்தியைப் போர் விருது பெற்ற ஒருவர் பரிந்துரைத்தது, அவர் பொறியியல் தகுதியை மட்டுமே கருதினார் என்பதைக் காட்டுகிறது எனலாம்.

டபிள்யூ.34 அரிசி மூட்டைகளையும் இயந்திரங்களையும் மட்டுமன்றி, குதிரைகளையும் மாடுகளையும்கூட ஏற்றிச் சென்றது. மரத்தாலான வானூர்தியில் முரண்டு பிடிக்கும் குதிரையை ஏற்றிச் செல்வதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

தூர்வாரிகள் பறந்து வந்த கதை

ஈடி ஓடையில் தங்கத்தை மண்வெட்டியாலும் தட்டாலும் எடுக்க முடிந்தது. கீழே புலோலோ பள்ளத்தாக்கின் வண்டல் மண்ணில் தங்கம் பரவலாகக் கலந்திருந்தது. அதை எடுக்க, நீரில் மிதந்தபடி மண்ணை வாரிக் கழுவும் மாபெரும் தூர்வாரிகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடை கொண்டது. சாலை அமைப்பதா, வானில் கொண்டு செல்வதா என்ற கேள்வி எழுந்தது. 1930 இல் உருவான புலோலோ கோல்ட் டிரெட்ஜிங் நிறுவனம் வான்வழியைத் தேர்ந்தெடுத்தது.

இதற்கென மூன்று இயந்திரங்கள் கொண்ட யுங்கர்ஸ் ஜி.31 வகை வானூர்திகள் வாங்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று டன் வரை ஏற்றக்கூடிய இவற்றின் கூரையில் பெரிய திறப்பு அமைக்கப்பட்டு, பாரந்தூக்கியால் மேலிருந்து பொருட்கள் இறக்கப்பட்டன. தூர்வாரியின் உறுப்புகள் ஒரு வானூர்தியின் கொள்ளளவுக்கு ஏற்பத் துண்டுகளாக வடிவமைக்கப்பட்டன. இந்தக் கனத்த பறப்புகள், செங்குத்தான வாவுக்கு அல்லாமல், அதற்குக் கீழே ஓரளவு சமமான நிலத்தில் அமைந்த புலோலோ ஓடுதளத்திற்கே சென்றன. சரிவு சிறு வானூர்திக்கு நண்பன். மூன்று டன் சுமையுடன் வரும் பெரிய வானூர்திக்கு அதே நட்பை எதிர்பார்க்க இயலாது. முதல் தூர்வாரி 1932 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. 1930களின் முடிவில் எட்டு தூர்வாரிகள் அப்பள்ளத்தாக்கில் இயங்கின. 1930களின் தொடக்கத்தில் நியூ கினியின் தங்க வயல்களுக்கு வானில் சென்ற சரக்கின் எடை, உலகின் ஏனைய பகுதிகள் அனைத்திலும் வானில் சென்ற சரக்கைவிட அதிகம் எனக் குறிப்பிடப்படுவதுண்டு.

வான்வழியைக் கனவு கண்ட லெவீன் முதல் தூர்வாரி இயங்குவதைக் காணவில்லை. 1932 சனவரியில் மெல்பேர்ணில் மூளை உறையழற்சியால் இறந்தார். அவரது சாம்பல் வானூர்தியிலிருந்து புலோலோ பள்ளத்தாக்கில் தூவப்பட்டது.

வான்வழி வந்த பின் சலமாவாவிலிருந்து தங்க வயலுக்குச் சென்ற நெடும் சுமைவரிசைகள் குறைந்தன. ஆனால் உள்நாட்டு மக்களின் ஒப்பந்தக் கூலிமுறை நீங்கவில்லை. தங்கத்தின் பெரும் பயன் பள்ளத்தாக்கின் மக்களைச் சேராமல் வெளிநாட்டுப் பங்குதாரர்களையே சென்றடைந்தது. மஸ்டாரின் சாதனையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

வாவு போர்

1942 சனவரி 21 அன்று சப்பானிய வானூர்திகள் லே, சலமாவா, புலோலோ ஆகிய இடங்களைத் தாக்கின. தரையில் நின்ற யுங்கர்ஸ் ஜி.31 வானூர்திகள் புலோலோவில் எரிந்தன. பதினைந்து ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தது எனினும் வாவு ஓடுதளம் ஆஸ்திரேலியரிடமே இருந்தது.

1943 சனவரி இறுதியில் சப்பானியப் படை மலைப்பாதை வழியாக வந்து வாவை நெருங்கியது. வாவைக் காத்து நின்றோர் சிலரே. துணைப்படையான ஆஸ்திரேலிய 17 ஆவது படைப்பிரிவு மோர்சுபி துறையிலிருந்து வானில் மட்டுமே வர முடியும். மேகம் பள்ளத்தாக்கை மூடியிருந்ததால் வானூர்திகள் பல திரும்பிச் சென்றன. சனவரி 29 அன்று வானம் தெளிந்தது. அன்று ஒரே நாளில் ஐம்பதுக்கு மேற்பட்ட தடவை டக்கோட்டா போக்குவரத்து வானூர்திகள் சரிவில் ஏறி இறங்கின. படைவீரர் சிலர் இறங்கிய சிறிது நேரத்திலேயே சண்டையில் ஈடுபட்டனர். மறுநாள் வந்த பீரங்கிகள் இறக்கப்பட்ட அன்றே இயக்கப்பட்டன. தாக்குதல் முறியடிக்கப்பட்டது.

அன்று வானூர்திகளுக்கு இருந்த வழி, 1927 இல் துணி இறக்கை வானூர்திக்கு இருந்த அதே ஒரு வழிதான். வடகிழக்கிலிருந்து மேல்நோக்கி இறங்கின. மேல்முனையில் சுமையிறக்கித் திரும்பி, வெறுமையான உடலுடன் கீழ்நோக்கி ஓடிப் புறப்பட்டன. ஒன்று வெளியேறும் வரை அடுத்தது பள்ளத்தாக்கின் மேல் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. எதிரியின் துப்பாக்கிகள் எட்டும் தொலைவில் இருந்தும், வேறு திசையிலிருந்து இறங்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை.

பிற்காலம்

மஸ்டார் இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் ஆஸ்திரேலிய அரச வான்படையில் பணியாற்றினார். 1971 இல் காலமானார். நியூ கினியின் தங்கம் தேடுவோருள் பலர் புகழும் செல்வமும் பெற்றபோது, அவர்களை அங்குக் கொண்டு சேர்த்த வானோடிகளின் பெயர்கள் வானூர்தி வரலாற்றில் ஈடுபாடு கொண்டோரிடையே மட்டும் தங்கிவிட்டன.

புலோலோவின் கடைசித் தூர்வாரி 1965 இல் நின்றது. பப்புவா நியூ கினி 1975 இல் விடுதலை பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டின் மலைச்சிற்றூர்களில் வெட்டப்பட்ட சிறு ஓடுதளங்கள் நூற்றுக்கணக்கானவை. புல்லும் மண்ணுமான அவற்றுள் பல, வாவைப் போலவே, மேல்நோக்கி இறங்கிக் கீழ்நோக்கிப் புறப்படும் ஒருவழி ஓடுதளங்களாகும். மருந்தும் பள்ளி நூல்களும் நோயாளிகளும் அவற்றின் வழியே பயணம் செய்கின்றனர்.